ரிஜெக்ட் ஆன சிரிஞ்சு

"புருஷன் வயித்துல குழாயோட படுத்திருக்கான். இவளுக்கு மொளகா பஜ்ஜி கேக்குது!"

காலையில துணி காயப்போடும்போது மதிலுக்கு அந்தப் பக்கத்துலேர்ந்து என் காதுல விழுந்துச்சு. பக்கத்து குவார்ட்டர்ஸ் சாவித்திரி யார்கிட்டயோ போன்ல பேசிக்கிட்டிருந்தா. 'இவ'ன்னா நான்தான், ரேணுகா.

சண்டைக்குப் போகலாம்தான். ஆனா அவ சொன்னதுல ஒரு தப்பும் இல்லையே! மொளகா பஜ்ஜி மட்டுமா? வாழைக்காயும்தான்.

என் வீட்டுக்காரர் ராஜசேகரன், ஆவடி ஃபாக்டரியில இன்ஸ்பெக்‌ஷன்ல இருந்தவர். அவர் கண்ணை ஏமாத்திட்டு ஒரு நட்டு வெளிய போயிடாது. அவருக்குத்தான் ஏ.எல்.எஸ். நரம்பெல்லாம் ஒவ்வொண்ணா ஸ்ட்ரைக் பண்ற வியாதி. கை போச்சு, கால் போச்சு, பேச்சும் போச்சு. தண்ணி குடிச்சாலே புரையேறுதுன்னு கடைசியில வயித்துல ஓட்டை போட்டு குழாய் வெச்சுட்டாங்க.

இப்ப கண்ணு மட்டும்தான் டூட்டியில இருக்கு. மேல பார்த்தா 'பாஸ்'. இறுக்கி மூடினா 'ரிஜெக்ட்'. அதுக்கு மேல ஏதாவது சொல்லணும்னா எழுத்து அட்டை.

குழாய் வெச்சு வீட்டுக்கு வந்த அன்னிக்கு, சொந்தக்காரங்க எல்லார் முன்னாடியும் நான் ஒரு வசனம் பேசினேன்.

"இனிமே இந்த வீட்டுல எண்ணெய்ச் சட்டி ஏறாது. அவருக்குக் கரைக்கிற கஞ்சிதான் எனக்கும்."

எல்லாரும் கண்ணைத் துடைச்சாங்க. எனக்கே என் மேல ஒரு மரியாதை வந்துடுச்சு. அவர் கண்ணை இறுக்கி மூடிக்கிட்டார். பாவம், அழறார்னு நினைச்சேன்.

அந்த மரியாதை ஒரு மாசம் தாங்குச்சு. ஒருநாள் சமையல்கட்டுல தலை சுத்தி விழுந்தேன். அந்த வாரம்தான் இவருக்கும் பழைய இன்ஸ்பெக்‌ஷன் புத்தி திரும்புச்சு. சாயந்திரம் கஞ்சி ஏத்தி முடிச்சதும் சிரிஞ்சைப் பார்த்துக் கண்ணை மூடினார். ரிஜெக்ட்.

"நல்லாத்தானே போகுது?"

ரிஜெக்ட்.

"இறுக்கமா வருதா? வயித்துல குத்துதா?"

பாஸ்.

அன்னிலேர்ந்து தினம் இதே கதைதான். புது சிரிஞ்சுக்கு அண்ணனூர் ஸ்டேஷன் பக்கத்து மெடிக்கலுக்குப் போகணும். பொண்ணு சௌம்யா காலேஜ்லேர்ந்து வந்ததும் அவளை அப்பா பக்கத்துல உட்கார வெச்சுட்டுக் கிளம்புவேன். மெடிக்கலை ஒட்டினாப்புல யூசுப் பாயோட பஜ்ஜி வண்டி. முதல் நாள் வாசனை மட்டும்தான் பிடிச்சேன், சத்தியமா! அப்புறம் ஒண்ணு. அப்புறம், "இன்னாக்கா, இன்னிக்கி லேட்டு? உனுக்குன்னு ரெண்டு எட்த்து வெச்சுகீறேன்"னு அவரே கேக்கற அளவுக்கு ஆயிடுச்சு.

தின்னுட்டு, முந்தானையில வாயைத் துடைச்சு, ஏலக்காய் ஒண்ணை மென்னுக்கிட்டே பதிவிரதை முகத்தோட வீட்டுக்கு வருவேன்.

ஃபாக்டரியில ரிஜெக்ட் ஆன சாமானைத் தனியா வெப்பாங்கன்னு அவர் எப்பவோ சொல்லியிருக்கார். அதனால பழைய சிரிஞ்சுகளைக் கழுவி ஒரு பிஸ்கட் டப்பாவுல போட்டு வெச்சிருந்தேன்.

சாவித்திரி மேல வந்த எரிச்சலை இன்னிக்கு மாத்திரை மேல காட்டினேன். நைசாப் பொடிக்கல. குழாய்ல விட்டதும் தண்ணி ஏத்தவும் மறந்துட்டேன். மதியம் கஞ்சி ஏத்தப் போனா உள்ள இறங்க மாட்டேங்குது. குழாய் அடைச்சுக்கிச்சு.

உடனே ஆஸ்பத்திரிக்குப் போன் போட்டேன்.

"வெதுவெதுன்னு தண்ணி எடுத்து, சிரிஞ்சால மெதுவாத் தள்ளித் தள்ளி இழுங்கம்மா. முரட்டுத்தனமா அழுத்திடாதீங்க"ன்னாங்க நர்ஸ். "அப்பவும் சரியாகலேன்னா கூட்டிட்டு வந்துடுங்க."

கூட்டிட்டுப் போறதா! நீட்டிப் படுக்க வெச்சாலே அவருக்கு மூச்சு முட்டும். போன தடவை ஆம்புலன்ஸ்ல போயிட்டு வர்றதுக்குள்ள எனக்கு உயிர் போய் உயிர் வந்துச்சு. உதடு காய்ஞ்சு போய் என்னையே பார்த்துக்கிட்டிருக்கார்.

அவசரத்துல சிரிஞ்சு கை நழுவிக் கீழ விழுந்துச்சு. நுனி உடைஞ்சு போச்சு. வேற வழியில்லாம பிஸ்கட் டப்பாவைக் கவுத்தேன். ஒண்ணை எடுத்து இழுத்துப் பார்த்தேன். வழுக்கிக்கிட்டு வருது. இன்னொண்ணு. அதுவும் அப்படித்தான். எதை எடுத்தாலும் வெண்ணெய் மாதிரி போகுது!

அதை யோசிக்க அப்ப நேரமில்ல. தெரிஞ்ச சாமியை எல்லாம் கூப்பிட்டுக்கிட்டே தள்ளினேன், இழுத்தேன், தள்ளினேன். எவ்வளவோ நேரம் கழிச்சு சளக்னு வழி விட்டுச்சு. தண்ணி இறங்குச்சு.

அப்படியே தரையில உட்கார்ந்து ஓன்னு அழுதேன்.

"என்னங்க, நான் ஒரு ஃபிராடு. சிரிஞ்சு வாங்கப் போறேன்னு தினமும் பஜ்ஜி தின்னுட்டு வரேன். உங்களுக்குத் தெரியாது."

கண்ணை இறுக்கி மூடினார்.

"தெரியுமா?"

பாஸ்.

"ஏலக்காய் மென்னுட்டுத்தானே வந்தேன்!"

குழாய் வயித்துலதானே இருக்கு, மூக்கு அவர்கிட்டதானே இருக்கு. இது எனக்கு இவ்வளவு நாளா தோணல பாருங்க. டப்பாவைத் தூக்கிக் காட்டினேன்.

"இதெல்லாம் நல்ல சிரிஞ்சுதானே? என்னை அங்க அனுப்பத்தானா?"

பாஸ்.

அப்பத்தான் எனக்கு உறைச்சுது. எல்லார் முன்னாடியும் நான் வசனம் பேசின அன்னிக்கு அவர் அழல. ரிஜெக்ட் பண்ணியிருக்கார்.

சாயந்திரம் சௌம்யா வந்தா. கஞ்சி தடங்கல் இல்லாம இறங்குச்சு. சிரிஞ்சைக் கழுவி அவர் முன்னாடி நீட்டினேன். கூசாம கண்ணை மூடினார்.

"சரி, போறேன். சாவித்திரி பார்த்தா பார்த்துட்டுப் போகட்டும்."

பையை எடுத்தேன். அவர் கண்ணு எழுத்து அட்டைக்குப் போச்சு. நான் ஒவ்வொரு எழுத்தா விரலை வெக்க, அவர் கண்ணை மேல தூக்கித் தூக்கி ஒரு வார்த்தை சேர்த்தார்.

"பார்சல்."