இடது கை உயரவில்லை

"சிரிங்க சார். பல்லு தெரியற மாதிரி."

சாப்பாட்டு மேஜை ஓரம் போர்வை போர்த்தி உட்கார்ந்திருந்த ஆர்வில் சிரித்தார். வாய் கோணவில்லை. ஆம்புலன்ஸ்காரி டெஸ் கொஞ்சம் மூச்சு விட்டாள். டூட்டிக்கு வந்து காபிகூட ஊற்றிக்கொள்ளவில்லை, அதற்குள் அழைப்பு. வெளியே நெப்ராஸ்காவின் பனி முழங்கால்வரை. பெரிய ஆஸ்பத்திரிக்கு நாற்பது மைல். பக்கவாதமென்றால் ஒவ்வொரு நிமிஷமும் மூளையைத் தின்னும்.

"எப்ப ஆரம்பிச்சுதும்மா?"

"காலைலேர்ந்து," என்றாள் அவர் மனைவி மார்செல்லா. "பேசறது ஒண்ணும் புரியலை. அதான் 911-க்கு அடிச்சேன்."

"காலைலேர்ந்தா? சாயங்காலம் வரைக்கும் என்ன பண்ணீங்க?"

மார்செல்லா அடுப்பைத் துடைக்கப் போய்விட்டாள்.

"சார், நான் சொல்றதைத் திருப்பிச் சொல்லுங்க. தெருவுல நாய் குரைக்குது."

ஆர்வில் தொண்டையைச் செருமினார். "ஞெள்ளல்ல ஞமலி குரைக்குது."

ஸ்ட்ரெச்சரை விரித்துக்கொண்டிருந்த டிரைவர் டுவைட் நிமிர்ந்தான். "நாக்கு குழறுது, டெஸ்."

"குழறலை," என்றார் ஆர்வில். "ஏம்மா பொண்ணு, ஞெண்டு மாதிரி என் கையைக் கவ்வாதே. காதுகிட்ட ஞிமிறு மாதிரி ரீங்காரமும் வேணாம்."

"முத்திப்போச்சு," என்றான் டுவைட்.

"ரெண்டு கையையும் மேல தூக்குங்க சார்."

வலது கை சட்டென்று உயர்ந்தது. இடது கை போர்வைக்குள்ளேயே கிடந்தது.

டெஸ் குனிந்தாள். "இடது கை?"

"மாட்டேன்."

"முடியலையா?"

"மாட்டேன்னு சொன்னேன்."

போர்வையை ஒரே இழுப்பாக இழுத்தாள்.

இடது கை ஒரு தடிப் புத்தகத்தை மார்போடு அணைத்திருந்தது. வழக்கொழிந்த சொற்களின் அகராதி. முதுகில் ஊர் நூலகத்தின் முத்திரை.

"ஞெள்ளல்னா தெரு. ஞமலின்னா நாய்," என்றார் ஆர்வில். "மத்த ரெண்டும் நண்டும் வண்டும். இதுகூடத் தெரியாம ஆம்புலன்ஸ் ஓட்ட வந்துட்டீங்க."

பயம் இறங்கிய இடத்தில் டெஸ்ஸுக்குக் கோபம் ஏறியது. "இது உங்ககிட்டயா இருக்கு? முன்பதிவு பண்ணிட்டு அக்டோபர்ல ஹாலோவீன்லேர்ந்து காத்துக்கிட்டிருக்கேன் நான்."

"நூலகத்துல தாமத அபராதத்தையே எடுத்துட்டாங்க. அப்புறம் என்ன அவசரம்? இப்பத்தான் பாதி முடிச்சிருக்கேன்."

"இன்னும் பாதி," என்று அடுப்பங்கரையில் முனகல் கேட்டது.

டெஸ் ஸ்ட்ரெச்சரைத் தட்டினாள். "இவ்வளவு தூரம் பனியில வந்துட்டு வெறும் வண்டியோட திரும்ப மாட்டோம். நீங்க வர்றீங்களா, இது வருதா?"

ஆர்வில் ஸ்ட்ரெச்சரைப் பார்த்தார். அதன் பெல்ட்டுகளைப் பார்த்தார். டுவைட் கையுறை மாட்டுவதையும் பார்த்தார். புத்தகத்தை நீட்டினார்.

டுவைட் அகராதியைப் படுக்கவைத்து, எல்லா பெல்ட்டையும் இறுக்கி, தள்ளிக்கொண்டு போனான்.

வாசலில் மார்செல்லா, பட்டை மணக்கும் சூடான ரொட்டிப் பொட்டலமொன்றை டெஸ்ஸின் கையில் திணித்தாள்.

"பாவம், ரொம்பப் பயந்துட்டீங்க இல்லம்மா?" என்றாள் டெஸ்.

"புரியலைன்னுதானே சொன்னேன். பக்கவாதம்னு சொன்னேனா?" மார்செல்லா குரலைத் தாழ்த்தினாள். "நூலகத்துப் பின்னறையில முன்பதிவெல்லாம் பார்த்துக்கறது நான்தான், கண்ணு. அடுத்த பேர் உன்னுது. நீ எப்ப டூட்டிக்கு வருவேன்னுதான் காலைலேர்ந்து கடிகாரத்தைப் பார்த்துக்கிட்டிருந்தேன்."