சான்றிதழில் உள்ளவாறே

இதைப் படிப்பவர் முதலில் மூன்று செய்திகளை அறிந்திருக்க வேண்டும்.

என் பெயர் சங்கவை, சங்கவி அன்று. இரண்டாவது, திண்டிவனத்தில் ஒரு தனியார் பள்ளியில் இருபத்திரண்டு ஆண்டுகளாக இலக்கணம் கற்பிக்கிறேன். விழுப்புரத்திலிருந்து நாள்தோறும் பேருந்தில் வந்து போகிறேன். மூன்றாவது, கணக்கு ஆசிரியை ரோஜாவின் மீது எனக்குப் பொறாமை.

அவருடைய அழகைக் கண்டோ இளமையைக் கண்டோ அன்று. பெயரைக் கண்டு.

ஆண்டுவிழா அழைப்பிதழில் நான் சங்கவி. வருகைப் பதிவேட்டில் சங்கவி. இருபதாண்டுப் பணிக்காகத் தந்த கேடயத்தில் சங்காவி. ரோஜா வந்து இரண்டே ஆண்டுகள். வாயிற்காவலர் முதல் தாளாளர் வரை ஒருவர் வாயிலும் அந்தப் பெயர் பிசகியதில்லை.

"சங்கவி டீச்சர், எச்.எம். கூப்புடறாரு" என்று வந்து நின்றார் அலுவலக உதவியாளர் பெரியதம்பி.

"சங்கவை."

"அதாங்க டீச்சர், நானும் அதத்தான சொல்லிக்கினு இருக்கேன். ஜல்தி வாங்க. ரோஜா மிஸ் அப்பவே வந்துட்டாங்க."

தலைமையாசிரியர் சீனுவாசன் மகிழ்ச்சியாக இருந்தார்.

"நீங்க ரெண்டு பேரும் வீடு வீடா போயி புத்தகம் சேத்ததாலதான் நம்ம ஸ்கூலுக்கு லைப்ரரி வந்துது. வாசல் கல்வெட்டுல உங்க ரெண்டு பேரையும் போடணும்னு தாளாளர் சொல்லிட்டாரு. விழுப்புரத்துல நல்லா வெட்டறாங்களாம். ரோஜாம்மா, நீங்க போய்ச் சொல்லிட்டு வந்துடுங்க."

விழுப்புரத்தில் குடியிருப்பவள் நான். ரோஜா மரக்காணம் பக்கத்திலிருந்து வருபவர். பொறுப்பு அவருக்கு!

"சார், காகிதத்துல தப்பா வந்தா கிழிச்சிப் போட்டுடலாம். கல்லுல வந்தா? அதுலயாவது என் பேர் சரியா இருக்கணும்."

"பாத்துக்கலாம் சங்கவி மேடம்."

அன்றே கடிதம் எழுதினேன். 'கல்வெட்டில் இடம்பெறும் பெயர்கள் பத்தாம் வகுப்புச் சான்றிதழில் உள்ளவாறே, ஓரெழுத்தும் மாறாமல் அமைதல் வேண்டும்.' தலைமையாசிரியர் ஒப்புதல் கையெழுத்திட்டார். ஒரு படியை ரோஜாவிடம் கொடுத்தேன்.

அவர் இரண்டு முறை படித்தார்.

"டீச்சர், இத உங்க பேருக்கு மட்டும்னு போட்டுக்கக் கூடாதா?"

"விதின்னா எல்லாருக்கும்தான். உங்களுக்கு என்ன கவலை? ரோஜாங்கறத யாரால தப்பா எழுத முடியும்?"

"சரிங்க டீச்சர்."

நான் எழுதிய விதிக்குக் கட்டுப்பட இவருக்கு மனமில்லை என்றே முடிவுகட்டினேன்.

மூன்று வாரம் கழித்துக் கல் வந்தது. பெரியதம்பி சாக்கைப் பிரித்தார். 'சங்கவை' என்று இருந்தது. விரலால் தடவிப் பார்த்தேன். எல்லா எழுத்தும் சரி.

பிறகுதான் அடுத்த வரியைத் தேடினேன். அடுத்த வரி இல்லை. எனக்கு வருத்தம் ஏற்படவில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

"ரோஜா மிஸ் பேரு எங்க?"

"அவங்கதான் வேணான்னுட்டாங்களாமே" என்றார் பெரியதம்பி. "ஆனா உங்க பேருக்காக மூணு தபா விழுப்புரம் போனாங்க டீச்சர். ரெண்டு தபா கல்லுக்காரரு சங்கவின்னே வரைஞ்சி வெச்சிக்கினு இருந்தாராம். மூணாவது தபா, முழுசா வெட்டற வரைக்கும் பக்கத்துலயே குந்திக்கினு இருந்துட்டு வந்தாங்க. பேஜாரு புடிச்ச வேல."

நூலகத்தில் ரோஜா புத்தகங்களுக்கு எண் ஒட்டிக்கொண்டிருந்தார்.

"ஏன் உங்க பேர் வேண்டாம்னு சொன்னீங்க?"

"ரோஜா என் சர்டிபிகேட் பேரு இல்லீங்க டீச்சர். எங்க அக்கா கூப்புடற பேரு."

"அப்படின்னா சர்டிபிகேட்ல?"

ஒட்டுவதை நிறுத்தாமலே மெல்லச் சொன்னார். கேட்டேன். நான்காவதும் பெண்ணாகப் பிறந்த குழந்தைக்கு, இனிப் பெண் பிறக்கலாகாது என்று தெய்வத்திடம் முறையிடுவதற்காகவே வைக்கப்படும் பெயர்.

"எங்க ஊரு ஸ்கூல்ல அந்தப் பேர ஒருத்தரும் தப்பா கூப்ட்டதே இல்ல டீச்சர். தெனம் சரியாதான் கூப்ட்டாங்க."

"சட்டப்படி மாத்திக்கலாமே?"

"அப்பா இருக்காருங்க. இப்பல்லாம் அவரே ரோஜான்னுதான் கூப்புடறாரு. பேப்பர்லயும் மாத்திட்டா, அந்தப் பேரு என்ன எவ்ளோ அழ வெச்சிதுன்னு அவருக்குத் தெரிஞ்சிடும். அவரு காலம் வரைக்கும் இருந்துட்டுப் போவட்டும்."

பின்னர் முடிவானவை இவை.

என் கடிதத்தைத் திரும்பப் பெற்றுக்கொண்டு வேறொன்று எழுதிக் கொடுத்தேன்: 'பள்ளியில் எல்லோரும் அழைக்கும் பெயரே கல்வெட்டில் இடம்பெறும்.'

ரோஜா என்னோடு சண்டையிட்டார். "அப்ப உங்க பேரு என்னாவறது டீச்சர்?" என்றார். விதி எல்லோருக்கும்தான் என்றேன்.

புதுக் கல் வாங்கவில்லை. அதே கல்லின் மறுபக்கத்தை இழைத்து வெட்டினார்கள். கல்வெட்டுக்காரரிடம் இம்முறை நான்தான் போனேன். முதல் வரி ரோஜா. இரண்டாம் வரி சங்கவி.

ரோஜாவின் சான்றிதழ்ப் பெயரை இங்கே நான் எழுதவில்லை. மறதியால் அன்று.

கல்லின் பின்பக்கம், சிமெண்டுக்குள் சுவரோடு ஒட்டி, என் பெயர் இருக்கிறது. அதில் பிழையில்லை.