முனீரின் துண்டு

"ராபியா, உன் வீட்டுக்காரர் துண்டு இன்னிக்கும் நாறுது பாரு!"

மொட்டைமாடித் தகரக் கொட்டகைக்குக் கீழே நின்றபடி சங்கரி குரல் கொடுத்தாள். புதுப்பட்டினத்தில் நான்கு நாளாக விடாத மழை. அந்த வீட்டில் மாடியில் சங்கரி குடும்பம், கீழே ராபியா குடும்பம். இரண்டு பேருக்கும் துணி காயப்போட இருந்தது அந்த ஒரு கொட்டகைதான்.

ராபியா மூச்சு வாங்கப் படியேறி வந்தாள்.

"இன்னாக்கா பண்றது? வெயிலே காணோம். கடல் காத்து வேற. எப்டிக் காயும்?"

"வெயில் இல்லேன்னா என்ன? துவைச்சு முடிஞ்சதும் மெஷின்லயே விட்டுடாதே. உடனே எடுத்து நல்லா உதறு. கடைசியா அலசற தண்ணியில கொஞ்சம் வினிகர் ஊத்து. நெருக்கிப் போடாம இடம் விட்டுப் போடு. அரை ஈரத்தோட சுருட்டி மட்டும் வச்சிடாதே, அதுலதான் இந்த முடை நாத்தமே வருது."

"சரிக்கா, சரிக்கா" என்று ராபியா எல்லாவற்றுக்கும் தலையாட்டினாள்.

மறுநாளும் துண்டு நாறியது. அதற்கு மறுநாளும் நாறியது.

சங்கரிக்கு மண்டை குடைந்தது. கணவனுக்குக் கல்பாக்கத்தில் வேலை கிடைத்து, கரூரிலிருந்து அவர்கள் இங்கே குடிவந்து இரண்டு வருடமாகிறது. ராபியாவின் சுத்தம் அவளுக்குத் தெரியாததா? அடுப்பு மேடையில் ஒரு சொட்டு எண்ணெய் தங்க விடமாட்டாள். யாரும் பார்க்காத நேரத்தில், சங்கரி வெட்கத்தை விட்டு, கொடியிலிருந்த ராபியா வீட்டுத் துணிகளை ஒவ்வொன்றாக முகர்ந்தே பார்த்துவிட்டாள். மகள் மலீஹாவின் பள்ளிச் சீருடை, ராபியாவின் துப்பட்டா, தலையணை உறை, எல்லாமே நன்றாக மணத்தன. கணவர் முனீரின் நீலத் துண்டில் மட்டும் அதே முடை நாற்றம்.

அதைவிட ஆச்சரியம் முனீர். சுற்றுவட்டாரத்தில் பெயர் வாங்கிய பிரியாணி மாஸ்டர் அவர். சில மாதங்களாக இடுப்பு வலி என்று சொல்லி வீட்டோடு இருந்தார். கருங்குழியிலிருந்து கல்யாணத்துக்குக் கூப்பிட வந்தவர்களைக்கூட அனுப்பிவிட்டார். காலையில் வாசற்படியில் உட்கார்ந்து டீ குடிப்பார், அந்த நாறும் துண்டால் முகத்தை அழுத்தித் துடைப்பார், "சாப்டீங்களாக்கா?" என்று சிரிப்பார்.

பொண்டாட்டியைக் கோபித்துக்கொள்ளக் கூடாது என்று இந்த மனிதர் இப்படியா சகித்துக்கொள்வார் என்று சங்கரி மாய்ந்துபோனாள்.

வெள்ளிக்கிழமை மதியம், ராபியாவிடம் வாங்கியிருந்த கிண்ணத்தைத் திருப்பிக் கொடுக்கச் சங்கரி கீழே போனாள். முனீர் தொழுகைக்குப் போயிருந்தார். பின்கட்டில் ராபியா நின்றுகொண்டிருந்தாள். கையில் நன்றாகக் காய்ந்த, மடிப்புக் கலையாத நீலத் துண்டு. அதை வாளித் தண்ணீரில் முக்கினாள். அரைகுறையாகப் பிழிந்தாள். உருண்டையாகச் சுருட்டி, ஒரு கேரி பேக்கில் திணித்து, வாயை இறுகக் கட்டி, மூலையில் வைத்தாள்.

சங்கரிக்குத் திக்கென்றது. வேண்டுமென்றே செய்கிறாள்!

"ராபியா..."

ராபியா திடுக்கிட்டுத் திரும்பினாள். முகம் வெளுத்துவிட்டது.

"என்னடி இது? உங்களுக்குள்ள ஏதாவது சண்டையா? கோவம் இருந்தா வாயைத் திறந்து சொல்லு. இப்படியா பழி வாங்குவே?"

"சண்டையா? அய்யய்யோ, அதெல்லாம் ஒண்ணுமில்லக்கா." ராபியா அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். "நீங்க பாத்தது பாத்ததா இருக்கட்டும். அவருகிட்ட மட்டும் சொல்லிடாதீங்க. உங்க கால்ல வுழறேன்."

"சொல்லலே. ஆனா எதுக்குன்னாவது சொல்லேன்."

ராபியா உதட்டைக் கடித்தாள். கண் கலங்கியது. கேரி பேக்கை எடுத்து வாளிக்குப் பின்னால் தள்ளி வைத்தாள்.

அன்றிலிருந்து சங்கரிக்குச் சாப்பாடே இறங்கவில்லை. முனீரைப் பார்த்தால் பாவமாக இருந்தது. ராபியாவைப் பார்த்தால் பயமாக இருந்தது. சொல்லிவிடலாமா என்று நாலைந்து தடவை வாய்வரை வந்ததை விழுங்கினாள்.

புதன்கிழமை காலை. சங்கரி தோசைக்கல்லை அடுப்பில் வைத்தபோது கீழ்வீடே அதிரும்படி ஒரு சத்தம்.

"ஏ ராபியா! இன்னா துண்டு இது? குப்புனு நாறுது! எலி கிலி செத்துப்போச்சா உள்ள? மனுசன் மூஞ்சில வைக்கிறதா இது? தூ!"

இந்த இரண்டு வருடத்தில் முனீர் குரலை உயர்த்தி அவள் கேட்டதே இல்லை. சங்கரி அடுப்பை அணைத்துவிட்டு இரண்டிரண்டு படியாக இறங்கி ஓடினாள்.

நீலத் துண்டு வாசலில் கிடந்தது. முனீர் உள்ளே இன்னும் கத்திக்கொண்டிருந்தார். ராபியா நிலைப்படியில் சரிந்து உட்கார்ந்து, துப்பட்டாவால் வாயைப் பொத்தியபடி குலுங்கிக் குலுங்கி அழுதாள்.

"நான் அப்பவே சொன்னேன்ல? விடு, அழாதே. நான் பேசிப் பாக்கறேன்" என்று சங்கரி அவள் தோளைத் தொட்டாள்.

ராபியா நிமிர்ந்தாள். கண்ணீரோடு முகமெல்லாம் சிரிப்பாக இருந்தது.

"வேணாங்க்கா, திட்டட்டும், நல்லா திட்டட்டும்! எட்டு மாசத்துக்கு முன்னாடி ஜுரம் வந்ததுலேர்ந்து அவருக்கு எந்த வாசனையும் தெரியல. கிராம்பு, எலுமிச்சம்பழம்னு எத மூக்குல காட்டினாலும், நான் மனசு ஒடிஞ்சிடுவேன்னு 'தெரியுது, தெரியுது'ன்னு பொய்யே சொல்லிகினு இருந்தாரு. இன்னிக்குத்தாங்க்கா மெய்யாலுமே தெரிஞ்சிகீது!"