அடித்த கோடு

பனியன் கம்பெனி ஆபீசில் சேர்ந்து பத்தே நாளான பதினெட்டு வயது பிரியங்கா, பஸ் ஸ்டாப்பில் நின்று சாயப்பட்டறை சூப்பர்வைசர் சித்ரகலாவுக்கு போன் செய்தாள்.

"சித்ராக்கா, சாய ஆர்டர் வேர்டு ஃபைல்ல சிவப்பு கலரை வேண்டாம்னு குறுக்கே கோடு போட்டு அடிச்சிருந்தாங்க. வாட்ஸ்அப்ல காப்பி பண்ணினேன், கோடு மட்டும் வரலீங்க. அப்படியே உங்களுக்கு அனுப்பிட்டேனுங்க."

"அப்புறம்?"

"நாளைக்கு என்னைத் துரத்திருவாங்க. முன்ன ஒரு பொண்ணு இதே தப்பைப் பண்ணிட்டு, அழுதுட்டே ஓடிப்போயிருச்சாமா."

சித்ரகலா சிரித்தாள்.

"எங்கியும் ஓடலை கண்ணு, இந்தச் சாயப்பட்டறைக்குத்தான் வந்தேன். அதுல இருந்து ஃபைலைக் கேட்டு வாங்கிப் பாக்காம சாயமே போடறதில்ல. சிவப்பு போடலை. கண்ணைத் தொடச்சுட்டு ஊட்டுக்குப் போ."