வடிவின் ஒரு மணி நேரம்

ஒருவர் தன் வாழ்நாளில் ஒரே ஒரு மணி நேரம்தான் அந்தக் கடற்கரையில் இருக்கலாம். ஒரு நேரத்தில் ஒரு குடும்பத்துக்குத்தான் அனுமதி. கிரேக்கத் தீவொன்றில், இரண்டு பாறைகள் காற்றை மறைத்து நிற்கும் சின்னக் கரை அது. நானும் என் மனைவி வடிவும் விண்ணப்பித்துப் பதினோரு வருஷம் காத்திருந்தோம். முறை வந்தபோது அவள் இறந்து நான்கு மாதம் ஆகியிருந்தது.

வாசலில் காவலுக்கு இருந்த தெஸ்பினா என் அட்டையைப் பார்த்தாள். அவள் பேசியது காதுக்கருவியில் தமிழாக வந்தது.

"உங்க மனைவியோட நேரமும் உங்களுக்குத்தான் ஐயா. வேண்டாம்னா விட்டுடலாம்."

"அவளுக்கு நீச்சல் தெரியாதும்மா."

"அப்புறம் எதுக்கு விண்ணப்பிச்சாங்க?"

"என் செருப்பைப் பார்த்துக்க."

அவள் சிரித்துவிட்டாள். நான் சொன்னது உண்மைதான். திருச்செந்தூரிலும் சரி, வேறு எங்கும் சரி, வடிவு கடலில் இறங்கியதே இல்லை. "நீங்க போங்க, செருப்ப நான் பார்த்துக்கிடுதேன். மீன் மாதிரி நீந்துததா நெனப்பு. கரையில இருந்து பார்த்தா எருமதான்" என்பாள்.

என் ஒரு மணி நேரமும் நீந்தினேன். அது முடிந்ததும் தெஸ்பினா மணி அடித்தாள். வாசலுக்குத் திரும்ப மனம் வரவில்லை. கரையேறி, செருப்புக்குப் பக்கத்தில் வடிவைப் போலவே காலை மடக்கி உட்கார்ந்தேன். அவளுடைய நேரத்தை அவள் கழித்திருக்கக்கூடிய விதத்தில்தான் கழிக்க வேண்டும் என்று தோன்றியது.

அலையே இல்லை. தண்ணீர் அடிவரை தெளிந்து கிடந்தது. நாற்பது வருஷமாக அவள் பார்த்த கடல்களில் எல்லாம் நான் இருந்தேன். இதில் யாரும் இல்லை.