குடலில் மிஞ்சிய ஒருத்தன்

இருதயராஜ் தெம்புக்காகக் குடித்த ஜின்செங் வேர்க் கஷாயம் அவர் குடலுக்குள் கம்பீரமாக இறங்கியது. "எங்களது ஆயிரம் வருஷத்துச் சீன வைத்தியம், தெரியுமா?" என்றது.

அங்கே மிஞ்சியிருந்த ஒற்றை பாக்டீரியா எரிந்து விழுந்தது. "ஆயிரம் வருஷமா உன்னை உடைச்சு உடம்புல சேர்த்தது யாரு? நாங்கதான்! கோடிக்கணக்குல இருந்தோம். வெறும் ஜலதோஷத்துக்கு இந்த மனுஷன், டாக்டரைக் கேக்காம ஆன்டிபயாடிக் மாத்திரையை முழுங்கி எல்லாரையும் கொன்னுட்டார். நான் ஒருத்தன் என்னத்தைக் கிழிக்க?"

கஷாயம் முக்கால்வாசி உடையாமலே வெளியே போனது.

மேலே இருதயராஜ் மனைவியிடம் அலுத்துக்கொள்வது கேட்டது. "ஒரு வாரமா குடிக்கிறேன், தெம்பே வரல. எதுக்கும் அந்த மாத்திரையை இன்னும் அஞ்சு நாள் போட்டுப் பாக்குறேன்."