நல்ல மூக்கு

ஊரில் புதிதாக எந்தப் பீர்க்கடை திறந்தாலும் முதல் ஆளாகப் போய்வரும் சந்திரமௌலி, அந்த ஞாயிறு நண்பர்களை வீட்டுக்கே அழைத்திருந்தான். மேஜை நிறைய பாட்டில்கள். ஆப்பிளைப் புளிக்கவைத்துச் செய்யும் சைடர் மதுவைக் கோப்பையில் ஊற்றிக் கண்ணை மூடி முகர்ந்தான்.

"ஆரஞ்சுத் தோல்... கருகின வெல்லம்... மழையில நனைஞ்ச வைக்கோல். தெரியுதா?"

நண்பர்கள் பயபக்தியோடு தலையாட்டினார்கள். இவன் வைக்கோலை எங்கே கண்டான் என்று நினைத்துக்கொண்டாள் அவன் மனைவி தமயந்தி.

பக்கத்து அறையில் படுத்த படுக்கையாய்க் கிடந்த அவன் அப்பாவுக்குப் படுக்கையிலேயே போய்விட்டது. நாற்றம் கூடம்வரை வந்தது. நண்பர்களில் ஒருவர் கைக்குட்டையைத் தேடினார். இரண்டு வருடமாக அந்த நாற்றத்துக்கு எழுந்து ஓடுகிறவள் தமயந்திதான். இன்று உட்கார்ந்தே இருந்தாள்.

"மௌலி..." என்று உள்ளிருந்து ஈனமாகக் குரல் வந்தது.

"தமா, அப்பாவுக்கு என்ன வேணும்னு பாரேன்" என்றான், கோப்பையிலிருந்து முகத்தை எடுக்காமல்.

"நான் எதுக்குப் பாக்கணும்? உங்களுக்குத்தான் அவ்வளவு நல்ல மூக்காச்சே. இங்கேருந்தே சொல்லுங்க."

கடைசியில் அவன் கோப்பையோடு எழுந்து அறை வாசல்வரை போனான். அங்கே நின்று திரும்பி, பிடித்துக்கொள்ளச் சொல்வதுபோல் கோப்பையை அவள் பக்கம் நீட்டினான். தமயந்தி அதை வாங்கிக்கொள்ளவில்லை.